திரையரங்கிற்கு வெளியே திரைப்படம்: நிறுவல் கலையில் காலமும் பார்வையாளரும்

ஆய்வுச் சுருக்கம்

திரையரங்கில் ஒரு படத்தின் தொடக்கத்தையும் முடிவையும் படவீழ்த்தி தீர்மானிக்கிறது. அப்படம் கலைக்கூடத்தின் நிறுவல் கலையாக மாறும்போது, எப்போது வருவது, எவ்வளவு நேரம் நிற்பது, எப்போது வெளியேறுவது என்பவற்றைப் பார்வையாளரே தீர்மானிக்கிறார். இம்மாற்றம் அசைபடக் கலைக்கு ஒரு விடுதலையாகப் பலமுறை பேசப்பட்டுள்ளது. ஆயினும் வன்முறையின் சாட்சியத்தைத் தாங்கிவரும் படைப்புகளில் அதே விடுதலை ஓர் அறச்சிக்கலாகவும் ஆகிறது. அந்தனி மெக்கால், டக்ளஸ் கார்டன், கிறிஸ்டியன் மார்க்ளே, சாந்தால் அக்கர்மான், ஷிரின் நெஷாத், நளினி மலானி, அமர் கன்வர் ஆகியோரின் படைப்புகளை முன்வைத்து, இச்சிக்கலுக்குக் கலைஞர்கள் கண்ட வழிகளை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: அசைபடம், நிறுவல் கலை, பல்திரைப் படைப்பு, பார்வையாளர், கால அளவு, சாட்சியம்.

1. முன்னுரை

தமிழ்த் திரைப்படத்தை அரசியல் தொடர்பு ஊடகமாக ஆராய்ந்து 1981-இல் எழுதிய நூலில், தமிழர் அனைவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து கண்ட முதல் நிகழ்த்துகலைக் களமாகத் திரையரங்கைக் கா. சிவத்தம்பி அடையாளப்படுத்தினார். திரைப்படத்தின் சமூகப் பொருள் கதையிலும் பாட்டிலும் நடிகரிலும் மட்டும் அடங்குவதன்று. அது காட்டப்படும் இடத்தின் அமைப்பிலும் உறைகிறது என்பதை அவரது கருத்து உணர்த்துகிறது. இருக்கை, இருள், கட்டணம், காட்சி நேரம் ஆகியனவும் திரைப்படத்தின் உறுப்புகளே.

அவ்வாறாயின், அந்தக் கூரையை விட்டுத் திரைப்படம் வெளியேறும்போது நிகழ்வது என்ன என்னும் வினா எழுகிறது. கடந்த அரை நூற்றாண்டில் அசைபடம் கலைக்கூடங்களிலும் அருங்காட்சியகங்களிலும் பன்னாட்டுக் கலைக்காட்சிகளிலும் நிலையான இடம்பெற்றுவிட்டது. அங்கே படம் ஒரு திரையில் ஓடலாம். எட்டுத் திரைகளில் ஓடலாம். தகரப் பெட்டிக்குள்ளோ புத்தகத்தின் தாள்மீதோ ஓடலாம். ஓர் இடத்தின் அமைப்பையே பொருளாகக் கொண்டு, பார்ப்பவர் அதனுள் நடமாடும்படி உருவாக்கப்படும் கலை நிறுவல் கலை எனப்படும். அசைபடத்தைக் கருவியாகக் கொண்ட நிறுவல் கலையில் காலம் யாருடைய பொறுப்பில் உள்ளது என்பதே இக்கட்டுரையின் மைய வினாவாகும்.

2. திரையரங்கு என்னும் ஏற்பாடு

அசைபடம் தொடக்கத்திலேயே திரையரங்கில் பிறந்துவிடவில்லை. எடிசன் நிறுவனத்தின் கினட்டோஸ்கோப் கருவிகள் 1894 ஏப்ரல் 14 அன்று நியூயார்க் நகரின் பிராட்வே சாலையில் பொதுமக்களின் பார்வைக்கு வந்தன. மரப்பெட்டி ஒன்றின் துளைவழியே ஒருவர் மட்டும் குனிந்து பார்க்கும் கருவி அது. வரிசையாக நின்ற பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கடந்து செல்வதே அன்றைய பார்வையாளரின் செயலாக இருந்தது. 1895 டிசம்பர் 28 அன்று பாரிசின் கிராண்ட் கஃபேயில் லூமியேர் சகோதரர்கள் கட்டணம் செலுத்தியோருக்குப் படங்களைத் திரையில் காட்டிய பின்னரே, பலர் ஒருங்கே அமர்ந்து ஒரே திரையை நோக்கும் முறை நிலைபெறத் தொடங்கியது.

பின்னர் உறுதிப்பட்ட திரையரங்க ஏற்பாட்டில் மூன்று கூறுகள் முதன்மையானவை. முதலாவது, பார்வையாளரின் உடல் அசையாதிருத்தல். இரண்டாவது, ஒளிமூலம் அவரது முதுகுக்குப் பின்னே மறைந்திருத்தல். மூன்றாவது, படத்தின் கால அளவுக்கு அவர் தம் நேரத்தை ஒப்புக்கொடுத்தல். திரைக்கு வெளியே சென்ற கலைஞர்கள் இம்மூன்றில் ஒன்றையோ பலவற்றையோ மாற்றியமைத்தனர்.

திரைகளின் எண்ணிக்கை கூடுவது மட்டுமே பார்வையாளரை விடுவித்துவிடாது என்பதற்கு ஒரு முன்னுதாரணம் உண்டு. 1959-இல் மாஸ்கோவில் நடைபெற்ற அமெரிக்கத் தேசியப் பொருட்காட்சியில் சார்லஸ், ரே ஈம்ஸ் இணையர் ஏழு பெருந்திரைகளில் சுமார் 2,200 படிமங்களைப் பன்னிரண்டு நிமிடங்களுக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் காட்டினர். அமெரிக்க வாழ்வின் வளத்தைச் சோவியத் மக்களுக்கு உணர்த்துவதே அதன் நோக்கம். எந்தத் திரையைப் பார்ப்பது என்ற தேர்வு பார்ப்பவரிடம் இருந்தது. எனினும் படிமங்களின் வேகமும் பெருக்கமும் ஐயுறவோ நின்று ஆராயவோ இடமளிக்கவில்லை. பல்திரை அமைப்பு பரப்புரைக்கும் பயன்படும் என்பதை இது காட்டுகிறது.

3. வெள்ளை அறையும் இருட்டறையும்

ஓவியத்தையும் சிற்பத்தையும் வைக்கும் நவீன கலைக்கூடம் வெண்சுவரும் சீரான ஒளியும் கொண்டது. அவ்வெண்ணிற அறை நடுநிலையான வெற்றிடமன்று, பொருளைக் கலையாக்கும் கருத்தியல் கருவி என்று பிரையன் ஓ'டோஹெர்ட்டி 1976-இல் வெளியிட்ட கட்டுரைத் தொடரில் வாதிட்டார். அந்த அறைக்குள் அசைபடம் நுழைந்தபோது இரு மரபுகள் எதிர்கொண்டன. ஓவியத்தின் முன் எவ்வளவு நேரம் நிற்பது என்பதைப் பார்ப்பவரே முடிவு செய்கிறார். திரைப்படமோ தனக்கெனத் தொடக்கமும் முடிவும் உடையது. கலைக்கூடத்தில் படம் மீள்சுழற்சியாக ஓடுவதால், வருபவர் பெரும்பாலும் நடுவிலேயே நுழைகிறார். முடிவைக் கண்ட பின்னர் தொடக்கத்தைக் காண்கிறார். அல்லது இரண்டையும் காணாமலே சென்றுவிடுகிறார். இப்படிச் சிதறும் காலத்தைக் கலைஞர்கள் எவ்வாறு கையாண்டனர் என்பதைப் பின்வரும் பகுதிகள் காட்டும்.

4. ஒளியே பொருளாதல்

அந்தனி மெக்கால் 1973-இல் உருவாக்கிய 'கூம்பை வரையும் கோடு' பதினாறு மில்லிமீட்டர் படச்சுருளில் அமைந்த முப்பது நிமிடப் படைப்பு. கருந்திரையில் ஒரு வெண்புள்ளி தோன்றி, மெல்ல வளைந்து, முப்பது நிமிடங்களின் முடிவில் முழு வட்டமாகிறது. திரையில் நிகழ்வது இவ்வளவே. படவீழ்த்திக்கும் சுவருக்கும் இடையே நிகழ்வதே படைப்பின் சாரம். புள்ளி ஓர் ஒளிக்கோடாகப் பாய்கிறது. அது வளைந்த ஒளித்தகடாகி, இறுதியில் உள்ளீடற்ற ஒளிக்கூம்பாக நிறைவு பெறுகிறது. பார்ப்போர் திரைக்கு முதுகைக் காட்டி ஒளிமூலத்தை நோக்குகின்றனர், கூம்பினுள் புகுகின்றனர், கையால் ஒளியைத் தடுத்துப் பார்க்கின்றனர். இருக்கையும் இல்லை, மறைக்கப்பட்ட ஒளிமூலமும் இல்லை. ஆனால் கால அளவு மட்டும் பேணப்படுகிறது. கூம்பு முழுமை பெறுவதைக் காண முப்பது நிமிடம் காத்திருந்தே ஆகவேண்டும்.

இப்படைப்பின் பிற்கால வரலாறு காட்டிடத்தின் முக்கியத்துவத்தைத் தெளிவாக்குகிறது. எழுபதுகளில் இது காட்டப்பட்ட பழைய கட்டடங்களின் மேல்தளங்களில் தூசியும் சிகரெட் புகையும் நிறைந்திருந்தன. அவற்றில் பட்டே ஒளி புலனாயிற்று. பின்னர்த் தூய்மையான காற்றுடைய அருங்காட்சியக அறைக்குள் கொண்டுவரப்பட்டபோது ஒளிக்கற்றை கண்ணுக்குத் தெரியவில்லை. மெல்லிய புகைமூட்டத்தை உண்டாக்கும் பொறிகள் கிடைத்த பின்னரே இது மீண்டும் அருங்காட்சியகங்களில் உயிர்பெற்றது. படச்சுருளில் எந்த மாற்றமும் நிகழவில்லை. அறையின் காற்று மாறியதால் படைப்பே மறைந்து, பின் மீண்டது.

5. காலத்தை நீட்டலும் பொருத்தலும்

டக்ளஸ் கார்டன் 1993-இல் கிளாஸ்கோ நகரின் டிராம்வே கலைக்கூடத்தில் '24 மணிநேர சைக்கோ' என்னும் படைப்பைக் காட்டினார். ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' (1960) ஏறத்தாழ 109 நிமிடம் ஓடும் படம். நொடிக்கு 24 சட்டகங்கள் என்ற வேகத்தை நொடிக்கு ஏறத்தாழ இரண்டு சட்டகங்களாகக் குறைத்து, ஒலியை நீக்கி, அதனை ஒரு முழுநாளுக்கு அவர் நீட்டினார். மூன்று நிமிடக் காட்சி ஒன்று இவ்வேகத்தில் நாற்பது நிமிடமாகிறது. அறையின் நடுவே தொங்கிய, இருபுறமிருந்தும் காணத்தக்க திரையில் அது ஓடியது.

இதனை முழுமையாகக் காண்பது அருங்காட்சியகத்தின் வழக்கமான திறப்பு நேரத்தில் இயலாது. ஆயினும் கதை பலருக்கு முன்பே தெரியும். அடுத்து வருவதை அறிந்த நினைவும் கண்முன் உறைந்து நிற்கும் சட்டகமும் ஒன்றோடொன்று இழுபடும் நிலையே இங்கு அனுபவமாகிறது. படத்தை முழுவதும் பார்க்க இயலாமையைக் குறையாகக் கருதாமல், அதனையே படைப்பின் அடிப்படையாகக் கார்டன் ஆக்கினார்.

கிறிஸ்டியன் மார்க்ளேயின் 'கடிகாரம்' (2010) இதற்கு மாறான வழியை மேற்கொண்டது. கடிகாரங்களும் நேரம் குறித்த உரையாடல்களும் இடம்பெறும் ஆயிரக்கணக்கான திரைப்படத் துணுக்குகளைத் தொகுத்து, 24 மணிநேரப் படைப்பாக அவர் அமைத்தார். திரையில் தோன்றும் நேரமும் அறையிலுள்ள உண்மை நேரமும் ஒன்றாகவே இருக்கும். இடையில் நுழைபவர் நடுவில் வந்தவராகத் தம்மை உணர்வதில்லை. அவர் வந்த நேரமே படத்தின் நேரம். வரிசையாக இடப்பட்ட மெத்தை இருக்கைகள் அவரை நீண்ட நேரம் தங்கவும் தூண்டின. நள்ளிரவுப் பகுதியைக் காட்டுவதற்காக அருங்காட்சியகங்கள் இரவு முழுவதும் திறந்திருக்க வேண்டியதாயிற்று. 2011-இல் வெனிஸ் பியன்னாலேயில் இப்படைப்புக்காக மார்க்ளே தங்கச் சிங்க விருது பெற்றார்.

6. படம் அறைகளாகப் பிரிதல்

கார்டனும் மார்க்ளேயும் பிறருடைய படங்களை எடுத்தாண்டனர். பெல்ஜிய இயக்குநர் சாந்தால் அக்கர்மான் தம்முடைய படத்தையே பிரித்து அடுக்கினார். சோவியத் ஒன்றியம் சிதைந்த காலத்தில் கிழக்கு ஜெர்மனி, போலந்து, ரஷ்யா முதலிய பகுதிகளில் பயணம் செய்து அவர் எடுத்த 'கிழக்கிலிருந்து' 1993-இல் முழுநீளப் படமாக வெளிவந்தது. விளக்கவுரையின்றி, பேருந்துக்கும் தொடர்வண்டிக்கும் காத்து நிற்கும் மக்களின் முகங்களைக் கடந்து நெடுநேரம் நகரும் ஒளிப்படக்கருவியே அதன் நடை.

1995-இல் அப்படம் மூன்று அறைகள் கொண்ட நிறுவலாயிற்று. முதலறையில் முழுப்படமும் ஓடியது. இரண்டாம் அறையில் மும்மூன்றாக எட்டுத் தொகுதிகளில் 24 தொலைக்காட்சிப் பெட்டிகள், படத்தின் பகுதிகளை ஒரே நேரத்தில் காட்டின. பெட்டிகளின் எண்ணிக்கை நொடிக்கு 24 சட்டகங்கள் என்னும் திரைப்பட அளவை நினைவூட்டுகிறது. காலத்தில் அடுத்தடுத்து வந்தவை இங்கே இடத்தில் அருகருகே நிற்கின்றன. இறுதி அறையில் இருபத்தைந்தாம் பெட்டி மட்டும் தனித்திருந்தது. அதிலிருந்து அக்கர்மானின் குரல் ஒலித்தது. உருவங்களைச் செய்யாதிருக்குமாறு கூறும் யாத்திராகமப் பகுதியை எபிரேய மொழியிலும், தம் பயணம் பற்றிய சொந்த எழுத்தையும் அவர் வாசித்தார்.

அக்கர்மானின் தாய் அவுஷ்விட்ஸ் வதைமுகாமிலிருந்து உயிர் மீண்டவர். பனியில் வரிசையில் நிற்கும் மனிதர்களின் படிமங்கள் எந்தப் பழைய படிமங்களிலிருந்து தம்மிடம் வந்தன என்பது, படத்தை எடுத்து முடித்த பின்னரே அவருக்குப் புலனாயிற்று. அந்த உணர்தலின் வரிசையையே மூன்று அறைகளும் பின்பற்றுகின்றன: முதலில் படம், பிறகு அதன் சிதறல், பிறகு இருளில் ஒரு குரல். பார்ப்பவர் அறையிலிருந்து அறைக்கு நடப்பதே இங்குப் படத்தொகுப்பாகிறது. நடக்கும் உரிமை பார்ப்பவருக்கு உண்டு. நடக்கும் வழியைக் கலைஞர் வகுத்துள்ளார்.

7. இரு திரைகளுக்கு நடுவே

ஷிரின் நெஷாத்தின் 'கொந்தளிப்பு' (1998) எதிரெதிர்ச் சுவர்களில் காட்டப்படும் இரு கருப்பு வெள்ளைப் படங்களால் ஆனது. ஒரு திரையில் ஆண் பாடகர் ஒருவர், ஆண்களே நிறைந்த அவையைப் பின்னணியாகக் கொண்டு ரூமியின் கவிதையைப் பாடிக் கைதட்டல் பெறுகிறார். எதிர்த்திரையில் கருப்புடை அணிந்த பெண் ஒருத்தி வெற்று அரங்கை நோக்கி நின்றிருக்கிறாள். ஆணின் பாட்டு ஓய்ந்ததும் அவள் சொற்களற்ற ஒலிகளால் பாடத் தொடங்குகிறாள். ஆண் பாடகர் தம் திரையிலிருந்து திகைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார். 1979 புரட்சிக்குப் பிந்திய ஈரானில் ஆண்கள் உள்ள பொது அவையில் பெண் தனித்துப் பாடுவதற்கு இருந்த தடையே இதன் பின்புலம்.

திரையரங்கில் இவ்விரு காட்சிகளும் மாறிமாறிக் காட்டப்பட்டிருக்கும். எதை எப்போது காண்பது என்பதைத் தொகுப்பாளர் முடிவு செய்திருப்பார். இங்கே பார்ப்பவர் இரண்டிற்கும் நடுவில் நிற்கிறார். ஒருவரைப் பார்க்க மற்றவருக்கு முதுகைக் காட்டியாக வேண்டும். யாருக்கு முகம் கொடுப்பது, யாரைப் புறக்கணிப்பது என்னும் சமூக வினா உடலின் திருப்பமாகவே நிகழ்ந்துவிடுகிறது.

இதே ஆண்டில் நளினி மலானி 'தோபா தேக் சிங்கை நினைத்தல்' என்னும் படைப்பை உருவாக்கினார். 1998 மே மாதம் பொக்ரானில் நிகழ்ந்த அணுகுண்டுச் சோதனையை ஒட்டி எழுந்த அது, பிரிவினை பற்றிய சாதத் ஹசன் மண்ட்டோவின் சிறுகதையிலிருந்து தலைப்பைப் பெற்றது. எதிரெதிர்ச் சுவர்களில் தோன்றும் இரு பெண்கள் ஒரு புடவையைச் சேர்ந்து மடிக்க முயல்கின்றனர். நடுவில் உள்ள வெளி அதற்கு இடந்தரவில்லை. தரையில், ஏதிலியர் தூக்கிச் செல்வது போன்ற தகரப் பெட்டிகளுக்குள் வைக்கப்பட்ட திரைகளில் இடம்பெயர்வின் காட்சிகள் ஓடுகின்றன. பார்ப்பவர் அப்பெட்டிகளுக்குள் குனிந்து பார்க்கிறார். நிமிர்ந்தால் அந்தப் பெண்களுக்கு நடுவே, எல்லைக்கோடு இருக்கவேண்டிய இடத்தில் அவரே நிற்கிறார். கினட்டோஸ்கோப்பின் முன் குனிந்த பார்வையாளரின் உடல்நிலை ஒரு நூற்றாண்டுக்குப் பின் வேறு பொருளோடு திரும்புகிறது எனலாம்.

8. சாட்சியமும் நடமாடும் பார்வையாளரும்

மேற்கண்ட படைப்புகளில் இடையில் விலகிச் செல்பவர் இழப்பது பெரும்பாலும் ஓர் அனுபவத்தை. அமர் கன்வரின் 'மின்னல் சாட்சியங்கள்' (2007) என்னும் படைப்பில் இழப்பு வேறு தன்மையது. இந்தியத் துணைக்கண்டத்தில் பெண்கள்மீது நிகழ்த்தப்பட்ட பாலியல் வன்முறையை 1947 பிரிவினையிலிருந்து 1971 வங்கதேசப் போர், 2002 குஜராத், மணிப்பூர் என அது தொடர்ந்து செல்கிறது. ஜெர்மனியின் காசெல் நகரில் 2007-இல் நடந்த பன்னிரண்டாம் டாக்குமெண்டா கலைக்காட்சியில் இது எட்டுத் திரைகளில் காட்டப்பட்டது.

வன்முறையைக் காட்டாமல் அதனைப் பற்றிப் பேசுவது எப்படி என்பதே கன்வரின் முதற்சிக்கல். அவர் பெரும்பாலும் எஞ்சியவற்றைக் காட்டுகிறார்: மரம், வீடு, நிழற்படம், துணி. கொல்லப்பட்ட ஒரு பெண்ணின் நினைவாக நாகா மகளிர் தறியில் நெய்த துணியின் கோலம் அவற்றுள் ஒன்று. மணிப்பூர் நடிகை சாபித்ரி ஹெய்ஸ்னாம் 'துரௌபதி' நாடகத்தில் நிகழ்த்திய எதிர்ப்பும், 2004-இல் இம்பாலின் காங்லா கோட்டை வாயிலில் பெண்கள் நடத்திய போராட்டமும் இடம்பெறுகின்றன. துன்பம் காட்சிப்பொருளாவதைத் தவிர்த்து, நினைவைக் காத்த கைகளுக்கும் எதிர்த்து நின்ற உடல்களுக்கும் அவர் திரையை அளிக்கிறார்.

இரண்டாவது சிக்கல் வடிவம் பற்றியது. இப்படைப்பு ஏறத்தாழ 113 நிமிடத் தனித்திரைப் படமாகவும், 32 நிமிடச் சுழற்சி கொண்ட எட்டுத்திரை நிறுவலாகவும் உள்ளது. இவ்விரண்டின் ஒப்பீடு இக்கட்டுரையின் வினாவிற்கு நேரடியாக உதவுகிறது. தனித்திரைப் படத்தில் சாட்சியங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. அமர்ந்திருப்பவர் அனைத்தையும் கேட்கிறார். நிறுவலில் அவை சூழ்ந்து நிற்கின்றன. ஒன்றைப் பார்க்கும்போது ஏனையவை முதுகுக்குப் பின் தொடர்கின்றன. எட்டுத் திரைகளையும் தனித்தனியே முழுமையாகக் காண விரும்புபவர் எட்டுச் சுற்றுகள், அதாவது நான்கு மணிநேரத்திற்கும் மேல், அங்கேயே இருக்கவேண்டும். தனித்திரைப் படம் கேட்பவரின் பொறுமையைப் பெறுகிறது. நிறுவலோ, ஒரு வன்முறை முடிந்து அடுத்தது நிகழ்ந்ததாகக் கொள்ளும் வரலாற்றுப் பார்வையைக் குலைத்து, அவை யாவும் ஒரே காலத்தில் உடனிருப்பதை உணர்த்துகிறது. ஒன்றின் வலிமை மற்றொன்றிற்கு இல்லை. கன்வர் இரண்டையும் வைத்துக்கொண்டது தற்செயலானதன்று எனக் கருத இடமுண்டு.

ஒடிசாவின் நிலப்பறிப்பை ஆராயும் 'இறைமைக் காடு' (2012) என்ற படைப்பில் அவர் மேலும் ஒரு படி சென்றார். கையால் செய்த தாள்களாலான பெரிய புத்தகங்களின் பக்கங்களில் படம் ஓடுகிறது; பார்ப்பவர் தம் கையால் பக்கத்தைப் புரட்டுகிறார். அருகில் 250-க்கும் மேற்பட்ட பாரம்பரிய நெல்வகைகளின் விதைகள் வைக்கப்பட்டுள்ளன. இப்படைப்பு பன்னாட்டுக் கலைக்காட்சியில் மட்டும் நில்லாமல், புவனேசுவரத்தில் சமதிருஷ்டி அமைப்பின் வளாகத்திலும் வைக்கப்பட்டது. அப்பகுதி மக்கள் தங்களிடமிருந்த சான்றுகளை அதில் சேர்க்கவும் வழி செய்யப்பட்டது. பார்வையாளரே சாட்சியும் ஆகும் நிலை இது.

9. எவரும் முழுமையாகக் காணாத படம்

'அருங்காட்சியகம் ஒரு தொழிற்சாலையா?' என்னும் 2009ஆம் ஆண்டுக் கட்டுரையில் ஹிட்டோ ஷ்டெயர்ல் இச்சிக்கலை எதிர்கொள்கிறார். 2002-இல் நடந்த பதினோராம் டாக்குமெண்டாவில் வைக்கப்பட்ட அசைபடங்களை, கண்காட்சி திறந்திருந்த நூறு நாள்களிலும் ஒருவரால் பார்த்து முடிக்க இயலாது என்று கூறப்பட்டதை அவர் சுட்டுகிறார். இந்நிலையில் முழுமையை அறிந்து தீர்ப்பளிக்கும் தனிப் பார்வையாளர் என்று ஒருவர் இல்லை. பலர் பகுதி பகுதியாகக் கண்டதைச் சேர்த்தே முழுமையை எட்ட முடியும் என்பது அவரது வாதத்தின் சாரம். ஹாருன் ஃபரோக்கி 2006-இல் பன்னிரண்டு தொலைக்காட்சிப் பெட்டிகளில் அமைத்த 'பதினோரு பத்தாண்டுகளில் தொழிற்சாலையை விட்டு வெளியேறும் தொழிலாளர்' என்னும் நிறுவலும் இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. லூமியேரின் 1895ஆம் ஆண்டுப் படத்தில் தொடங்கும் அவ்வரிசையின் முன், வெளியேறும் தொழிலாளரைப் பார்த்தபடியே அருங்காட்சியகப் பார்வையாளரும் வெளியேறுகிறார்.

ஷ்டெயர்லின் கருத்து பயனுடையது. எனினும் அதற்கு ஓர் எல்லை உண்டு. திரையரங்கிலிருந்து ஒன்றாக வெளியே வருவோர் ஒரே படத்தைக் கண்டவர்கள்; எனவே அவர்களால் அதனைப் பற்றி உரையாட முடிகிறது. கலைக்கூடத்தில் தனித்தனியே வந்து தனித்தனியே செல்வோரின் பகுதிப் பார்வைகள் தாமாக ஒன்றுசேர்வதில்லை. அவை சேர்வதற்கு ஏற்பாடு வேண்டும். சுற்று தொடங்கும் நேரத்தை வாயிலில் அறிவித்தல், அமர இடமளித்தல், அடுத்த அறையின் ஒலி புகாமல் தடுத்தல், பார்த்தோர் கூடிப் பேசும் அமர்வுகளை நடத்துதல் ஆகியன கண்காட்சி நிர்வாகத்தின் சிறு பணிகளாகத் தோன்றலாம். சாட்சியத்தைத் தாங்கிய படைப்புக்கு அவை அறம் சார்ந்த தேவைகளாகும். ஒரு பெண் தனக்கு நேர்ந்ததைச் சொல்லிக்கொண்டிருக்கையில் நிற்க இடமின்றியோ ஒலி தெளியாமலோ பார்ப்பவர் விலகிச் சென்றால், அதனை அவரது சுதந்திரமான தேர்வு எனக் கொள்வது பொருந்தாது.

10. முடிவுரை

திரையரங்கிற்கு வெளியே சென்ற அசைபடம் உடலின் அசைவையும் ஒளியின் இருப்பையும் இடத்தின் பொருளையும் கலையின் பகுதியாக்கிக்கொண்டது. அதற்கு ஈடாக, பார்வையாளரின் நேரத்தின்மீது திரையரங்கு கொண்டிருந்த பிடியை அது இழந்தது. மெக்கால் காத்திருத்தலைப் பேணினார். கார்டன் முழுமையைக் கைவிட்டார். மார்க்ளே இரு நேரங்களையும் ஒன்றாக்கினார். அக்கர்மான் நடையை நெறிப்படுத்தினார். நெஷாத்தும் மலானியும் பார்ப்பவரை நடுவில் நிறுத்தினர். கன்வர் ஒரே பொருளை இரு வடிவங்களில் அளித்து, பின்னர் பார்ப்பவரையும் சாட்சி கூற அழைத்தார்.

சிவத்தம்பி சுட்டிய ஒரே கூரை, பலரை ஒரே காலத்திற்குள் கொண்டுவந்தது. அதன் சமூக விளைவுகளைத் தமிழ்த் திரைப்பட ஆய்வு நன்கு அறியும். கூரையின்கீழ் ஒன்றாக அமராத பார்வையாளரிடையே பகிர்ந்த அனுபவம் எவ்வாறு உருவாகும் என்பது அதே ஆய்வுமரபு இனி எழுப்ப வேண்டிய வினாவாகும். அதற்குத் திரையில் உள்ளதைப் படிப்பதோடு, திரை நிற்கும் அறையையும், அவ்வறையில் ஒருவர் எவ்வளவு நேரம் நிற்கிறார், எதனால் வெளியேறுகிறார் என்பதையும் ஆய்வுப்பொருளாகக் கொள்ளல் வேண்டும்.